429 கோடியைத் தாளில் வகுத்த அனுபவம்

4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது. 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணிக்கையில் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டும் இதே வரிசையில் இதற்கு முன்னால் நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். இனி வருவதும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் இந்த எண்ணுக்குக் காரணி கண்டுபிடித்துவிட்டார். கையால் எப்படி முடிந்தது? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

பகா எண் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது நடக்காத காரியம். வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை 6542 பகா எண்கள் உண்டு. ஆய்லரின் வழி வேறு. p என்ற பகா எண் இதை மீதியின்றி வகுத்தால், 2-இன் அடுக்குகளை p-ஆல் வகுத்து வரும் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒருமுறை 1-க்குத் திரும்பும். p−1 படியிலும் 1 வர வேண்டும் என்பது பெர்மாவின் சிறு தேற்றம். ஆக, p−1 என்பது 64-இன் மடங்கு. பெர்மாவின் நம்பிக்கையைத் தகர்க்கப் பெர்மாவின் தேற்றமே உதவியது என்பதை நினைத்து அன்று வெகுநேரம் நெகிழ்ந்துபோயிருந்தேன்.

பிற்பாடு பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக்கினார். சரி, 128-இன் மடங்குகளோடு ஒன்று கூட்டி 129, 257, 385, 513, 641 என்று எழுதிப் பார்த்தேன். இவற்றில் பகா எண்கள் 257, 641 இரண்டே. 257-க்கு வகுக்கவே வேண்டாம்: 257-ஆல் வகுக்கும்போது 256-ஐ −1 என்று கொள்ளலாம், அதன் நான்காம் அடுக்கு (முப்பத்திரண்டு இரண்டுகளின் பெருக்கல்) 1, கூட ஒன்று, மீதி 2. போயிற்று.

641-இல்தான் தடுக்கினேன். மீதி 0 வந்ததும் ஒரே சந்தோஷம். ஆனால் ஈவு 670417 என்று இருந்தது. திருப்பிப் பெருக்கினால் 429737297, ஒன்பதே இலக்கம். மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் தெரிந்தது: 26, 267 இரண்டிலும் 641 போகாது, ஈவில் இரண்டு பூஜ்ஜியம் போட வேண்டும், நான் ஒன்றுதான் போட்டிருக்கிறேன். சரியான ஈவு 6700417.

அப்புறம் இது பகா எண்தானா என்ற கேள்வி. இதன் காரணி எதுவும் பெரிய எண்ணுக்கும் காரணிதான், எனவே அதே 128 விதி இதற்கும் பொருந்தும். வர்க்கமூலமோ 2589-க்குள். சலித்துப் பார்த்தால் மிஞ்சுவது 641, 769, 1153, 1409 நான்குதான். மீதிகள் 44, 120, 334, 622.

கடைசி மீதியை எழுதும்போது விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. பக்கத்தின் அடியில் 641 × 6700417 என்று எழுதிக் கட்டம் போட்டேன்.