ஃபைட்டர் குஞ்சும் மொட்டை மாடி மொய்னாவும்

அவிச்ச முட்டையோட மஞ்சக்கருவ துணில கட்டி தண்ணிக்குள்ள லேசா பிழிஞ்சு விட்டா ஃபைட்டர் மீனோட (பெட்டான்னும் சொல்வாங்க) குஞ்சு தின்னுடும்னு சொன்னாங்க, நானும் நம்பி செஞ்சேன். மூணாவது நாள் காலைல டேங்க் மூடிய தெறந்தா ஒரு வாடை. தண்ணி கஞ்சி மாதிரி இருந்துச்சு, அடியில வெள்ளையா ஒரு படலம், அது மேல சின்ன சின்ன கோடா குஞ்சுங்க கெடந்துச்சு. இருநூறு முன்னூறு இருக்கும், எண்ணல, எண்ண மனசு வரல. முந்தின நாள் ராத்திரி டார்ச் அடிச்சு பாக்குறப்ப கண்ணாடி ஓரமா அவ்வளவும் நீந்திட்டு இருந்துச்சு.

இது நடந்து நாலு வருஷம் ஆச்சு. இப்ப இத எழுதுறதுக்கு காரணம் போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணி, அண்ணே குஞ்சு வந்துடுச்சு என்ன தீனி போடணும்னு கேட்டான், நானும் அன்னைக்கு இதே கேள்விய இதே நேரத்துல தான் கேட்டேன், குஞ்சு வந்ததுக்கு அப்புறம். அப்ப கேட்டா லேட்டு. முட்டை போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கேட்டுருக்கணும்.

ஃபைட்டர் குஞ்சு முட்டைல இருந்து வந்தப்ப 3 மில்லிமீட்டர் தான் இருக்கும், வாய் எவ்வளவு இருக்கும்னு யோசிச்சு பாருங்க. அதுவும் அசையுற பொருள தான் அது இரைன்னு நெனைக்கும். மஞ்சக்கரு அசையாது, கீழ எறங்கி உக்காந்துக்கும், உக்காந்து அழுகும், அமோனியா ஏறும். புது டேங்க்ல அந்த அமோனியாவ மாத்துற பாக்டீரியாவும் இருக்காது. குஞ்சு ஒரு பக்கம் பசில சாகுது இன்னொரு பக்கம் விஷத்துல சாகுது, ரெண்டும் நான் ஊத்துன அதே தண்ணில.

கொளத்தூர்ல மீனுக்கு லைவ் ஃபுட், அதான் உயிரோட இருக்குற தீனி, விக்கிற ஒரு அண்ணன்கிட்ட போய் சொன்னேன். அவரு என்ன திட்டல. "தம்பி, நீ மீன் வளக்காத, மொதல்ல தீனி வளத்து பழகு, ஒரு மாசம் மொய்னா சாகாம வெச்சுரு, அப்புறம் ஜோடி சேக்கலாம்"னு சொல்லி ஒரு கவர்ல மொய்னா போட்டு குடுத்தாரு. காசு வாங்கல.

மொய்னான்னா தண்ணில குதிச்சு குதிச்சு போகுமே அந்த சின்ன பூச்சி, டாப்னியான்னு இன்னொரு தண்ணிப்பூச்சி இருக்கு, அதுக்கு தம்பி மாதிரி, பெருசானாலும் ஒரு மில்லிமீட்டர் தான் வரும். தீனியும் தண்ணியும் நல்லா இருந்தா பொண்ணுங்க மட்டுமே இருக்கும், ஆணே தேவையில்லாம குட்டி போட்டுட்டே இருக்கும், பொறந்த குட்டி நாலஞ்சு நாள்ல அதுவும் போட ஆரம்பிச்சுடும். நெலம கெட்டா தான் ஆண் பொறக்கும், அப்புறம் கெட்டியான ஓட்டோட ஒரு முட்டை போடும், அந்த முட்டை காஞ்சு கெடந்தாலும் திரும்ப தண்ணி பட்டா பொரியும்.

மொட்டை மாடில ரெண்டு டப். ஒண்ணுல பச்சைத் தண்ணி (பாசி வளந்து பச்சையான தண்ணி), ஒண்ணுல மொய்னா. பச்சைத் தண்ணிக்கு பெருசா ஒண்ணும் பண்ண வேணாம், மீன் தொட்டில மாத்துற பழைய தண்ணிய ஊத்தி வெயில்ல வெச்சா பத்து நாள்ல பசலைக்கீரை சாறு மாதிரி ஆயிடும், மொய்னாவுக்கு சாப்பாடே அதான். ஈஸ்ட் கரைச்சு ஊத்தலாம், தவிட்டுத் தண்ணி ஊத்தலாம், நானும் ஊத்திருக்கேன், ஆனா ஈஸ்ட் ஒரு சிட்டிகை கூடிப்போனா மறுநாள் மொத்த டப்பும் காலி, அதனால பச்சைத் தண்ணி தான் எனக்கு நம்பிக்கை.

இதுல நான் தெனமும் பாக்குற ஒரு விஷயம் சொல்றேன். விடிகாலைல அஞ்சரை ஆறு மணிக்கு மாடிக்கு போனா மொய்னா மொத்தமும் தண்ணி மேல வந்து ஓரமா செகப்பா கூடி நிக்கும், மொளகாப்பொடி தூவுன மாதிரி. எட்டு மணி வெயில் வந்ததும் கலைஞ்சு போயிடும். ரொம்ப நாள் ஏன்னு தெரியல. பச்சைப்பாசி பகல்ல ஆக்ஸிஜன் குடுக்கும், ராத்திரி அதுவே ஆக்ஸிஜன எடுத்துக்கும், அதனால விடியறப்ப தண்ணில ஆக்ஸிஜன் ரொம்ப கம்மி, மொய்னா மேல வந்துடும். ஆக்ஸிஜன் கம்மியான தண்ணில வளந்தா அது ஒடம்புல ஹீமோகுளோபின் கூடும், நம்ம ரத்தத்துல இருக்குற அதே சமாச்சாரம், அதான் அந்த செகப்பு. இது தெரிஞ்சதுல இருந்து விடிகாலைல தான் அள்ளுறேன், வலைய ஒரு தடவ விட்டா ஒரு ஸ்பூன் கெடைக்கும்.

மூணு தடவ டப் செத்துச்சு. ஒண்ணு மே மாசம், வெயில்ல தண்ணி சூடாகி. இன்னொண்ணு குழாய்த் தண்ணிய குளோரின் போறதுக்கு வெக்காம நேரா ஊத்திட்டேன், பத்து நிமிஷத்துல எல்லாம் அடியில. மூணாவது தட்டான் பூச்சி. தட்டான் வந்து தண்ணில முட்டை போட்டுட்டு போயிருக்கு, அதோட புழு வளந்து மொய்னாவ எல்லாம் தின்னுருச்சு, குஞ்சு இருக்குற தொட்டிக்கு அது போயிருந்தா குஞ்சையும் விட்டு வெக்காது. அப்புறம் தான் ரெண்டு டப்புக்கும் கொசுவலை போட்டு கயிறு கட்டுனேன். வலை கண்டிப்பா வேணும்ங்க. தட்டானுக்காக மட்டும் சொல்லல, தெறந்து கெடக்குற நல்ல தண்ணில டெங்கு கொசு முட்டை போடும். கொசுப்புழு மீனுக்கு அருமையான தீனி தான், அத தின்னா ஜோடி முட்டை போட சீக்கிரம் ரெடியாகும், ஆனா ஒரு நாள் எடுக்க மறந்தா அது பறந்து பக்கத்து வீட்டுக் கொழந்தைய கடிக்கும். நான் அத வளக்குறதில்ல.

ட்யூபிஃபெக்ஸ் புழுவும் வாங்குறதில்ல. சாக்கடைல இருந்து எடுக்குற புழு, எவ்வளவு கழுவுனாலும் உள்ள என்ன இருக்கும்னு பயம்.

சரி குஞ்சுக்கு வரேன். மொய்னா குட்டியே மொத வாரத்துல குஞ்சு வாய்க்கு பெருசு. அதுக்கு இன்ஃபுசோரியா வேணும், கண்ணுக்கு ஒழுங்கா தெரியாத உயிருங்க. ஒரு பாட்டில்ல பழைய டேங்க் தண்ணி, ஒரு காஞ்ச பாதாம் இலை (எங்க தெருவுல இருக்குற நாட்டு வாதாம் மரத்துல தானா உதிந்த செவப்பு இலை), ஒரு துண்டு வாழைப்பழத் தோல். ரெண்டு நாள்ல கலங்கி நாறும், பயப்படாதீங்க, அஞ்சாறு நாள்ல தெளியும். ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு பாத்தா தூசி மாதிரி வெள்ளையா நகரும். அது தானா எறங்குற தூசி இல்ல, பக்கவாட்டுல போகும், சட்டுனு திரும்பும். அத பாத்த அன்னைக்கு அம்மாவ கூப்பிட்டு காமிச்சேன், அம்மா கண்ணாடிய போட்டுட்டு வந்து பாத்துட்டு "ஐயோ உசுரா இது"ன்னாங்க.

இதோட செடியும் முக்கியம். ஜாவா மாஸ், ஹைட்ரில்லா எது கெடைக்குதோ அத குஞ்சு டேங்க்ல மூணு வாரம் முன்னாடியே போட்டு வெச்சுரணும், புதுசா கழுவி போடுற செடில ஒண்ணும் இருக்காது. பழைய செடியோட இலை மேல வழவழன்னு ஒரு படலம் இருக்குமே, அதுலயே இந்த உயிருங்க இருக்கும், குஞ்சு நாள் முழுக்க அத கொத்திட்டே இருக்கும். யோசிச்சா ஃபைட்டரோட சொந்த ஊரே அப்படித்தான், தாய்லாந்துப் பக்கம் நெல் வயலு, சதுப்பு நெலம், ஆழமில்லாத செடி நெறைஞ்ச தண்ணி. அந்த நாட்டுல 2019ல தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுட்டாங்க. அந்த வயல் தண்ணில ஒரு சொட்டு எடுத்தா அதுல எவ்வளவு உயிர் இருக்கும், நம்ம கழுவித் தொடச்ச கண்ணாடித் தொட்டில என்ன இருக்கும்.

ரெண்டாவது தடவ எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டு ஜோடி விட்டேன். தண்ணி ஒரு ஜான் கூட இல்ல, அரை ஜான் தான். ஆண் நுரைக்கூடு கட்டி, பொட்டைய சுத்தி வளைச்சு, வெள்ளையா ரவை மாதிரி முட்டை உதிர உதிர ஓடி ஓடி வாயில கவ்வி நுரைல ஒட்ட வெச்சுது. முடிஞ்சதும் பொட்டைய எடுத்துட்டேன், இல்லன்னா ஆண் அடிச்சே கொன்னுடும். ஒண்ணரை நாள்ல பொரிஞ்சு குஞ்சுங்க வாலு கீழ தொங்குற மாதிரி நுரைல தொங்குச்சு, ஒண்ணு நழுவி விழுந்தா அப்பன் போய் எடுத்துட்டு வந்து திரும்ப ஒட்டும், ராத்திரி பூரா தூங்காம அதே வேலை. மூணாவது நாள் படுக்கவாட்டுல நீந்த ஆரம்பிச்சதும் அவனையும் எடுத்துட்டேன்.

மொத வாரம் காலைலயும் சாயங்காலமும் இன்ஃபுசோரியா தண்ணி ஒரு டம்ளர். எட்டாவது நாள் மொய்னாவ டீ வடிகட்டில ஊத்தி, பெருசு மேல நிக்க சின்னது கீழ எறங்க, கீழ எறங்குனத மட்டும் வேட்டித் துணில புடிச்சு போட்டேன். ஒரு குஞ்சு மொய்னாவ பாத்து அப்படியே நின்னுச்சு, ஒடம்ப எஸ் மாதிரி வளைச்சுது, டக்குனு பாய்ஞ்சு முழுங்கிருச்சு, வயிறு ஆரஞ்சு கலர்ல உப்பி வெளிய தெரிஞ்சுது. நான் தரைல உக்காந்து ஒரு மணி நேரம் பாத்துட்டே இருந்தேன்.

ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணில வாழுற குட்டி இறால் மாதிரி ஒரு உயிர், முட்டைய டப்பால விப்பாங்க) வேணாமான்னு கேப்பீங்க. நல்ல தீனி தான், உப்புத் தண்ணில ஏர் விட்டு ஒரு நாள்ல பொரிச்சு பொரிஞ்ச உடனே போட்டா சத்து அதிகம். ஆனா டப்பா வெல ஜாஸ்தி, அதுவும் நல்ல தண்ணில சில மணி நேரத்துல செத்துரும், மிச்சம் அழுகும். மொய்னா மிச்சமானா மறுநாளும் உயிரோட குதிச்சுட்டு இருக்கும். மாடியும் வெயிலும் இல்லாதவங்க ஆர்ட்டீமியா வெச்சுக்கோங்க.

அந்த பேட்ச்ல நூத்துக்கு மேல தப்பிச்சுது. மூணு மாசத்துல ஆணுங்க ஒண்ண ஒண்ணு பாத்து செவுள விரிக்க ஆரம்பிச்சுதுங்க, வீட்ல இருக்குற ஹார்லிக்ஸ் பாட்டில் பூரா மீனு.

மெசேஜ் பண்ண தம்பி வீடு அம்பத்தூர்ல. அன்னைக்கு சாயங்காலமே ஒரு பாட்டில் இன்ஃபுசோரியாவும் ஒரு கை பழைய மாஸும் எடுத்துட்டு போய் குடுத்துட்டு வந்தேன், பாதி குஞ்சு இன்னும் இருக்குன்னு இன்னைக்கு காலைல போட்டோ அனுப்பிருக்கான். என் தொட்டில நீல ஆண் ஒருத்தன் நேத்து ராத்திரி நுரை கட்டிட்டான், பொட்டையும் வயிறு உப்பி ரெடியா நிக்குது. ஆனா போன வாரம் பெய்ஞ்ச மழைல பச்சைத் தண்ணி டப் வெளிறிப் போச்சு, அது திரும்ப பச்சையாகுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சிருக்குற தடுப்பு அட்டைய எடுக்க மாட்டேன்.