எழுதாமல் விட்ட இடங்கள்

ஒரு சர்வருக்குள் மென்பொருளால் தனிக் கணினிபோல ஓடும் மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு என்பது, அதைத் தாங்கி நிற்கும் சர்வரைப் பொறுத்தவரை ஒரு கோப்புதான். 200 ஜிபி வட்டு என்று அறிவித்து உருவாக்கியிருப்போம். உள்ளே எழுதப்பட்டதோ 40 ஜிபியாக இருக்கும். மீதி இடத்துக்குக் கோப்பு முறைமை எதையும் ஒதுக்குவதில்லை. அந்தப் பகுதியை யாராவது வாசித்தால் பூஜ்யங்களை மட்டும் தரும். இடைவெளிகள் கொண்ட இத்தகைய ஸ்பார்ஸ் கோப்பை, நீளத்தைச் சொல்லும் எல்எஸ் கட்டளை 200 என்று காட்டும், வட்டில் பிடித்த இடத்தைச் சொல்லும் டியூ கட்டளை 40 என்று காட்டும்; இரண்டுமே உண்மை. ஒரே சர்வரில் இருக்கும்வரை இந்த வேறுபாடு யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதே கோப்புக்கு இன்னொரு சர்வரில் பிரதி இருந்து, அந்தப் பிரதி பழுதுபட்டு, அதைச் சரிசெய்ய வேண்டிய நிலை வரும்போதுதான், எந்த உண்மையை நாம் காப்பாற்றுகிறோம் என்ற கேள்வி எழுகிறது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கடைவீட்டு மாடி ஒன்றில் மூன்று சர்வர்களை வைத்து, சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றின் சம்பளக் கணக்கு, ஆலையின் எடைமேடைப் பதிவு, கிடங்குக் கணக்கு ஆகியவற்றை மெய்நிகர் இயந்திரங்களாக நடத்திவந்த ஒரு சிறு நிறுவனத்தில் நான் பணியாற்றினேன். சேமிப்புக்கு, பல சர்வர்களின் வட்டுகளை ஒன்றாக இணைக்கும் குளஸ்டர்எஃப்எஸ் மென்பொருளைப் பயன்படுத்தினோம். இரண்டு சர்வர்களில் முழுப் பிரதிகள் இருக்கும். மூன்றாவது சர்வர், கோப்புகளின் பெயரையும் விவரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, பிரதிகளுக்குள் முரண் வந்தால் நடுவராக இருக்கும். எழுதுவது எல்லாம் இரு பிரதிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும். ஒன்று விழுந்துவிட்டால், நிற்கும் பிரதி, எந்தெந்தக் கோப்பில் மற்றது பின்தங்கியிருக்கிறது என்று அந்தக் கோப்பின் கூடுதல் பண்புகளிலேயே குறித்து வைக்கும். விழுந்தது எழுந்ததும் பின்னணியில் ஓடும் ஹீல் செயலி அந்தக் குறிப்புகளைப் பார்த்துப் பழுதுபார்க்கத் தொடங்கும்.

எங்கள் ஊரில் பிற்பகல் மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும். அப்படி ஒரு நாளில் ஒரு சர்வரின் மின்வழங்கிப் பெட்டி கருகி, மாற்றுப்பெட்டி ஈப்போவிலிருந்து வந்து சேரும்வரை அது சில மணி நேரம் நின்றுபோயிற்று. வட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத இறுதியை ஒட்டிய நேரம் அது. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் கொடுத்தாக வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் விதி என்பதால், தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, செக்ரோல் ஏத்தலாமா, நாளைக்கு விடணுமா?" என்று கேட்டார். செக்ரோல் என்பது தொழிலாளர்களின் வருகை, கூலிப் பதிவேடு. "ஏத்துங்க ஐயா, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றேன். நிற்காமல் ஓடுவதற்குத்தானே இரண்டாவது பிரதி. சர்வர் எழுந்தபின், பழுதுபார்க்க வேண்டியவற்றைக் காட்டும் ஹீல் பட்டியல் மெல்ல இறங்கி, நள்ளிரவுக்கு முன் பூஜ்யமானது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், பழுதுபார்க்கப்பட்ட சர்வரின் வட்டில் காலி இடம் வெகுவாகக் குறைந்திருந்தது. கோப்புகளின் உள்ளடக்கமோ இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

ஹீல் செய்வதற்கு இரண்டு முறைகள் உண்டு. முழு நகல் முறையில், நல்ல பிரதியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, பின்தங்கிய பிரதியின்மேல் எழுதிக்கொண்டே போகும். வேறுபாட்டு முறையில், இரு பக்கமும் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் எனும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, ஒவ்வாத துண்டை மட்டும் அனுப்பும். ஒரு ஜிகாபிட் பிணையத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 110 எம்பிதான் போகும். 200 ஜிபி கோப்பு ஒன்றை முழுதாக அனுப்ப எல்லாம் சரியாக இருந்தாலே அரைமணி நேரம் பிடிக்கும். அப்படியிருந்தும் மெய்நிகர் இயந்திரங்களுக்கென்று குளஸ்டர்எஃப்எஸ் தரும் அமைப்புத் தொகுப்பு முழு நகல் முறையையே தேர்ந்தெடுக்கிறது. வேறுபாட்டு முறை இரு சர்வர்களின் வட்டையும் மையச் செயலகத்தையும் ஒருசேரக் கசக்கிப் பிழியும், இயந்திரங்களோ அதே வட்டுகளில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதால் அந்தத் தேர்வில் நியாயம் உண்டு.

சிக்கல் முழு நகல் முறையில் பூஜ்யங்களை என்ன செய்வது என்பதில் இருக்கிறது. மூலப் பிரதியில் ஒதுக்கப்படாத பகுதியை வாசித்தால் பூஜ்யங்கள் வரும். அவற்றை எழுதாமல் தாண்டிவிட்டால், பின்தங்கிய பிரதியின் அதே இடத்தில் பழைய தரவு கிடந்திருக்குமானால் அது அப்படியே தங்கிவிடும். விருந்தினர் இயந்திரம், அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரம், அழித்துவிட்டதாக நம்பும் தரவு மறுபடி தலைகாட்டும். எழுதினாலோ ஒதுக்கப்படாத இடமெல்லாம் ஒதுக்கப்பட்டுக் கோப்பு பருத்துவிடும். முந்தையது தவறு, பிந்தையது வீண்செலவு. ஆகவே நாங்கள் பயன்படுத்திய பதிப்பு கவனமான வழி ஒன்றைப் பின்பற்றியது: மூலக் கோப்பில் இடைவெளிகள் இருந்து, துண்டு முழுதும் பூஜ்யமாகவும் இருந்து, அந்த இடம் பின்தங்கிய கோப்பின் பழைய முடிவுக்கு அப்பால் இருந்தால் மட்டுமே எழுதாமல் தாண்டும். இதனால் ஒரு விசித்திரம் விளைகிறது. வட்டே எரிந்து புது வட்டு வைத்தால் பழைய கோப்பின் நீளம் பூஜ்யம் என்பதால் இடைவெளிகள் அப்படியே காப்பாற்றப்படும். சில மணி நேரம் மட்டும் விலகியிருந்து முழு நீளக் கோப்போடு திரும்பி வந்த பிரதிதான் பருத்துப்போகும். எங்களுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை.

மூலத்தில் இடைவெளி இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும், பூஜ்யம் எங்கிருந்தாலும் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். நான் நெடுநேரம் யோசித்தது இதைப் பற்றித்தான். தோட்டத்துச் செக்ரோலில் ஒருவர் பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருப்பதும் அதில் பூஜ்யம் போட்டிருப்பதும் மாதக் கூட்டலில் ஒன்றுதான். ஆனால் அனுபவப்பட்ட கிராணி எவரும் வெறுமையான கட்டத்தில் தாமாகப் பூஜ்யம் போடமாட்டார், போட்ட பூஜ்யத்தை அழிக்கவும் மாட்டார். கோப்பிலும் அப்படியே. முழு இடத்தையும் முன்கூட்டியே பிடித்துவைத்த கோப்பில் பூஜ்யங்கள் இருப்பது, வட்டு நிரம்பினாலும் தன் இயந்திரம் எழுத இடம் இருக்க வேண்டும் என்று ஒருவர் எடுத்த முடிவு. அதை வாசிப்பால் மட்டும் அறிய முடியாது. ஹீல் பட்டியலின் எண்ணிக்கை பூஜ்யமாவது, இரு பிரதிகளையும் வாசித்தால் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்கிறதே தவிர, இந்த முடிவு காப்பாற்றப்பட்டதா என்று சொல்வதில்லை.

என்னுடன் வேலைசெய்த இளைஞர் விரைவான வழி ஒன்றைச் சொன்னார்: "அண்ணே, சர்வரில நேரா புகுந்து, எல்லாக் கோப்புலயும் பூஜ்யத்தைத் தோண்டி எடுத்திடலாம்." பூஜ்யங்கள் பிடித்திருக்கும் இடத்தை விடுவிக்க லினக்ஸில் கட்டளை இருக்கிறது. ஆனால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், பூஜ்யம் என்று வாசித்த கணத்துக்கும் அந்த இடத்தைத் தோண்டும் கணத்துக்கும் இடையே உள்ளிருந்து அங்கே ஏதாவது தரவு எழுதப்பட்டால் அது தொலைந்துபோகும்; பிரதி மேலாண்மைக்கு அது தெரியவே வராது. தவிர, இரு சர்வர்களிலும் டியூ எண் வேறுபடுவதாலேயே ஹீல் குறை என்று சொல்லிவிடவும் முடியாது. எக்ஸ்எஃப்எஸ் எனும் கோப்பு முறைமை, வளரும் கோப்புகளுக்கு முன்யோசனையாகச் சற்று அதிக இடம் பிடித்துவைக்கும் பழக்கமுடையது. அந்த வேறுபாடு பிறகு தானாகவே குறையும்.

நாங்கள் தேர்ந்தது உள்ளிருந்து வரும் வழி. விருந்தினர் இயந்திரத்தின் வட்டு, இந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்லும் டிஸ்கார்ட் கோரிக்கையை ஏற்குமாறு அமைத்து, அந்தக் கோரிக்கையை அனுப்பும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை உள்ளே ஓட்டினால், காலியான பகுதிகளை விடுவிக்கும் கோரிக்கை பிரதி அடுக்கின் வழியாகவே இரு சர்வர்களுக்கும் போகிறது. யாருக்கும் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை. விருந்தினருக்குள் இருக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, ஏற்கெனவே ட்ரிம் செய்த தொகுதிகளை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றைத் தாண்டிவிடும் என்பதால், முதலில் ஓட்டியபோது எதுவும் குறையவில்லை. இயந்திரத்தை ஒருமுறை மறுதொடக்கம் செய்தபின் இடம் திரும்பியது. சம்பளத் தரவுத்தள இயந்திரத்தை மட்டும் நான் இதில் சேர்க்கவில்லை. அதன் இடம் முன்கூட்டியே பிடித்துவைக்கப்பட்டது. கிடைக்கும் சில ஜிபிகளுக்காக அதை விட்டுக்கொடுப்பது கஞ்சத்தனம்.

பின்னர் புதிய இயந்திரங்களை ஷார்டு முறையில் வைத்தோம். வட்டுக் கோப்பு 64 எம்பி துண்டுகளாகப் பிரிந்திருக்கும். விலகியிருந்த நேரத்தில் எழுதப்பட்ட துண்டுகளை மட்டுமே ஹீல் தொடும். எழுதப்படாத பகுதிக்குத் துண்டே இருக்காது. பழைய கோப்புகள் அதற்குத் தானாக மாறா என்பதால், அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி நகர்த்த வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்து இயந்திரத்தை எந்த ஞாயிற்றுக்கிழமை நிறுத்துவது என்பதைப் பெரிய கிராணிகளிடம் கேட்டே குறித்தோம். கையளிப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு வட்டுக்கும் அறிவித்த அளவு, பிடித்த அளவு, முன்கூட்டியே பிடித்ததா இல்லையா என்று மூன்று பத்திகள் சேர்த்தோம். மூன்றாவது பத்தியை நிரப்ப மட்டும், அந்த இயந்திரங்களை முதலில் உருவாக்கியவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டியதாயிற்று.