மாடிப்படிப் பூனைகள்: ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

மூன்று நாளாக ராத்திரியில் கேட்ட கீச்சுச் சத்தம் எலி இல்லை. படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருக்கும் பொந்துக்குள் மூன்று பூனைக்குட்டிகள். திருவல்லிக்கேணியில் எங்கள் சந்தில் பூனைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே வந்து குட்டி போட்டது இதுதான் முதல் தடவை. கண் இன்னும் நீலம், காது நிமிர்ந்துவிட்டது, ஓட்டமும் வந்துவிட்டது. நாலரை வாரம் இருக்கும்.

செய்யக்கூடாததை முதலில் செய்தேன். கையை விட்டுத் தூக்கினேன். மூவண்ணக் குட்டி சத்தமே போடாமல் உள்ளங்கையில் அடங்கியது. "பாருங்க அத்தை, எவ்வளவு சமத்து!" என்று சொல்லி முடிப்பதற்குள் சாம்பல் வரிக்குட்டி கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ரத்தம். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். குட்டிதானே என்று விடக் கூடாது. வெறிநோய்க்குக் குட்டியும் ஒன்றுதான், பெரியதும் ஒன்றுதான். இன்னும் மூன்று தடவை போக வேண்டும்: 16, 20, கடைசியாக நவம்பர் 10.

"சனியனை விலைக்கு வாங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு இலவசமாவே கிடைச்சிருக்கு" என்றார் அத்தை. காலையில் பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. வேளச்சேரியில் மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்களாம். தாய்ப்பூனையும் அதே வேலையைத்தான் செய்தாள். பொந்துக்குள் தண்ணீர் ஏறியதும் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மொட்டை மாடிக் கதவுக்கு உள்பக்கம், பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் புது வீடு. இரண்டு நடை போனாள். மூன்றாவது நடைக்கு இறங்கவில்லை. டார்ச் அடித்துப் பொந்தைத் துழாவினேன். வெள்ளைக் குட்டி இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பெயர் வந்துவிட்டது. கடித்தவன் மோட்டார். வாயே திறக்காதவள் ஊமை. தாய் மாடிக்காரி.

இதில் காலக்கெடு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்பவர் 1980களில் இதை ஆராய்ந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டிகள் மனிதரோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் கதவு அடைத்துக்கொள்ளும் என்றில்லை, ஆனால் திறக்க நாள் பிடிக்கும். எனக்கு மிச்சம் இரண்டு வாரம்.

அதனால் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் படியில் போய் உட்காருகிறேன். ஒன்றும் செய்வதில்லை. மளிகைக் கணக்கை வாய்விட்டுப் படிக்கிறேன், குரல் பழகட்டும் என்று. என் பழைய நைட்டியைப் படுக்கையாகப் போட்டாயிற்று, வாசனை பழகட்டும் என்று. மோட்டார் தலைகீழ் 'ப' மாதிரி முதுகை வளைத்துச் சீறுகிறான். சீறட்டும்.

அக்டோபர் 21, திங்கள்

தட்டில் வைத்துவிட்டுப் போனால் தட்டோடுதான் பழகும். சாப்பாடு என்னிடமிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கோழியை வேகவைத்து மசித்து, நீளக் காம்புக் கரண்டியின் நுனியில் தடவி நீட்டினேன். (வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். குழம்புச் சோற்றைப் பிசைந்து வைக்கும் புண்ணியவான்கள் கவனிக்கவும். பசும்பாலும் வேண்டாம், வயிற்றால் போகும்.) மோட்டார் சீறினான், நக்கினான், நக்கிக்கொண்டே சீறினான். நாளைக்குக் கரண்டியை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிப் பிடிப்பேன். அப்படியே கை வரைக்கும்.

ஊமை வரவேயில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, காது இரண்டும் பக்கவாட்டில் படிந்து, கண் முழுக்கக் கறுப்பாக விரிந்து கிடந்தாள். அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் உள்ளங்கையில் அடங்கியது சமத்து இல்லை, பயத்தில் விறைத்துப்போனது. சீறுகிறவன் "தள்ளிப் போ" என்று பேசுகிறான். இவள் பேச்சையே விட்டுவிட்டாள். அன்று அவளைக் கையிலேயே வைத்துக்கொண்டு போட்டோ வேறு எடுத்தேன்.

அக்டோபர் 26, சனி

மோட்டார் விரலை நக்கினான்! பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நெற்றியில் மெதுவாகத் தேய்த்தேன். தாயின் சொரசொரப்பு நாக்கு மாதிரி இருக்கும் போலும், கண்ணை மூடிக்கொண்டு குர்குர் என்றான். பெயர் தானாகவே பொருந்திவிட்டது.

மேலிருந்து கை வந்தால் இன்னும் பதறுகிறான். கை தாடைக்குக் கீழேயிருந்து வர வேண்டும். பருந்து மேலிருந்துதானே வரும்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி நேற்று. வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருந்தது. எங்கள் சந்தில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. இரண்டும் பேப்பர் கட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவேயில்லை. கரண்டியை நீட்டினால் மோட்டார் பழையபடி சீறுகிறான். மாடிக்காரியை முந்தாநாளிலிருந்து காணோம். இரண்டு வார வேலை ஒரு பத்தாயிரம் வாலாவில் போயிற்று.

நவம்பர் 6, புதன்

மாடிக்காரி திரும்பிவிட்டாள். மோட்டாரும் பழைய நிலைக்கு வந்தாயிற்று, மடியில் ஏறித் துப்பட்டா நூலை இழுக்கிறான்.

ஊமை விஷயம்தான் வேடிக்கை. அத்தைக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார். இன்று கீரை ஆய வெளிச்சம் போதவில்லை என்று ஏறி வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். முருங்கைக்கீரையை உருவுவதிலேயே கண். பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் ஊமை பேப்பர் கட்டை விட்டு வெளியே வந்து, அத்தையின் புடவைத் தலைப்பை முகர்ந்து, முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மூன்று வாரமாக அவளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பூனைகளுக்குள் அப்படிப் பார்த்தால் சண்டைக்கு அழைப்பு. கண்ணைப் பாதி மூடி மெதுவாகத் திறந்து காட்டினால் பூனை கிட்டே வரும் என்று இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் சோதித்து எழுதியிருந்ததைப் படித்தும் இருக்கிறேன். என்ன பிரயோசனம்? அத்தைக்கு ஆராய்ச்சியும் தெரியாது, அக்கறையும் இல்லை. அக்கறை இல்லாததுதான் பிடித்தது போல.

"போ சனியனே, கீரைல முடி விழுது" என்றார். எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கடைசி ஊசி. மளிகைக் கடைத் தராசில் மோட்டார் 820 கிராம், ஊமை 690. கண் நீலம் போய்ப் பச்சைக்கு மாறிவிட்டது. இரண்டையும் கீழே வீட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. மணல் தொட்டியை யாரும் சொல்லித்தரவில்லை, தானே தோண்டிக்கொண்டன.

நவம்பர் 20, புதன்

மாடிக்காரியை இன்று கூண்டில் பிடித்தோம். குட்டிகள் பால் மறந்துவிட்டன. இன்னும் தள்ளிப்போட்டால் அடுத்த ஈற்று வந்துவிடும். பாலூட்டும்போதே பூனை சினையாகும், இரண்டு மாதத்தில் ஈனும். கூண்டு, விலங்குநலத் தன்னார்வலர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. காரப்பொடி மீன் வாசனைக்கு உள்ளே போனாள். கதவு விழுந்ததும் கம்பியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொண்டாள். பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன், அடங்கினாள். அவள் இனி மடிப்பூனை ஆகமாட்டாள். அந்த ஆசையும் எனக்கு இல்லை. கருத்தடை ஆகி, அவள் மாடிக்கே அவள் திரும்பினால் போதும்.

நவம்பர் 24, ஞாயிறு

மாடிக்காரியை நேற்று திரும்ப விட்டோம். அறுவை ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியை நேராக வெட்டியிருக்கிறார்கள். கூண்டைத் திறந்ததும் திரும்பிப் பார்க்காமல் பக்கத்து மாடிக்குத் தாவிவிட்டாள்.

மோட்டார் மந்தைவெளியில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போனான். போன ஒரு மணி நேரத்தில் அவர்கள் பீரோ மேல் படுத்திருக்கும் படம் வந்தது. ஊமைக்கும் ஒரு இடம் பேசி வைத்திருந்தேன். "அது யார்கிட்டயும் போகாது. பயந்த பிள்ளை" என்று அத்தை முடித்துவிட்டார்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மதியம் மாடிக் கதவு படபடக்கிறது என்று தாழ் போடப் போனேன். கதவுக்கு உள்ளே, பழைய பேப்பர் கட்டின் மேல், சொட்டச் சொட்ட மாடிக்காரி. ஓடவில்லை. நான் இரண்டு படி கீழே, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டை நகர்த்தினேன். உறுமிக்கொண்டே தின்றாள். ஒரு கை தூரம். அதற்கு மேல் அவளும் வரவில்லை, நானும் போகவில்லை.

புயலுக்குப் படகு கடலுக்குப் போகவில்லை, நாளைக்கு மீன் கிடைக்காது. கீழே வந்து பார்த்தால் அத்தை நெத்திலிக் கருவாட்டைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். உப்புப் போக மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டுமாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.