காவென்ட்ரியில் ஒரு கால் புண்

மனைவியின் வேலை விசாவில் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்துக்கு வந்து ஏழாவது மாதம் அது. கிடங்கு வேலைக்குக் கொடுத்த இரும்புமுனை பூட்ஸ் கடித்து வலது கட்டைவிரலுக்கு அடியில் காய்ப்பு விழுந்தது. எனக்குச் சர்க்கரை வந்து 11 வருஷம். மதுரையில் என்றால் தெருமுனை கிளினிக்கில் காட்டியிருப்பேன், இங்கே மருந்துக்கடையில் கால் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் தோலை அரிக்கும், சர்க்கரைக்காரர்கள் ஒட்டவே கூடாது. நாலாம் நாள் சாக்ஸ் ஈரமாக இருந்தது, கழற்றினால் புண். துளி வலி இல்லை.

காலை எட்டு மணிக்கு ஜிபி-க்கு, அதாவது நம் பெயர் பதிந்திருக்கும் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு, வெகுநேரம் காத்திருந்து, "காலில் சின்னக் காயம்" என்றேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சரி, அவசரமில்லை போல என்று வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அவர் நர்ஸ். "தம்பி, காயம் எண்டு சொல்லாதேங்கோ. சீனி வருத்தம் இருக்கு, கால்ல புண் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

மறுநாள் அப்படியே சொன்னேன். மதியமே நர்ஸ் பார்த்து, கையோடு மருத்துவமனையின் பாதப் பிரிவுக்கு எழுதிவிட்டார். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் புண் என்றால் ஒரு வேலை நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டும் என்பது இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல். இரண்டு வாரம் காத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பாதப் பிரிவில் போடியாட்ரிஸ்ட், அதாவது பாத சிகிச்சை நிபுணர், கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் இடம் இடமாகத் தொட்டார். விரலடியில் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை, அந்த இடம் மரத்துப் போயிருக்கிறது, அதனால்தான் வலிக்கவில்லை. டாப்ளர் என்ற ஒலிக் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டார், நன்றாக இருந்தது. செத்த தோலைக் கத்தியால் சீவி, கட்டுப் போட்டு, புண்ணில் எடை விழாதபடி ஒரு பூட் கொடுத்தார். எத்தனை கட்டு மாற்றினாலும் அந்த இடத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால் ஆறாது என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். ஆற ஒன்பது வாரம் ஆனது.

விசாவோடு வருஷத்துக்கு 1,035 பவுண்டு கணக்கில் மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்டியிருந்ததால் பாதப் பிரிவில் தனியாக எதுவும் வாங்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் ஜிபி-யிடம் விலக்குச் சான்றிதழ் படிவம் கேட்டு வாங்குங்கள், இங்கிலாந்தில் எல்லா மருந்துச்சீட்டும் இலவசமாகிவிடும். எனக்கு இது தெரியாமல் மாதக்கணக்கில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கொடுத்தேன்.

வெளியே பணம் கட்டிப் பார்ப்பதானால் போடியாட்ரிஸ்ட் அல்லது கைரோபோடிஸ்ட் (அதே தொழிலின் பழைய பெயர்) என்ற பட்டம் இருக்கிறதா பாருங்கள். அது சட்டப்படி காக்கப்பட்ட பட்டம், அவர்களைப் பதிவு செய்யும் எச்சிபிசி (HCPC) அமைப்பின் தளத்தில் பெயரைத் தேடலாம். நகம் வெட்டிப் பாதம் தேய்த்துவிடும் கடைகளிடம் புண்ணைக் காட்டாதீர்கள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை, வேலையில் அகலமான பூட்ஸ். அப்புறம், மதுரையில் அப்பாவுக்கும் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்ததும், "காலைக் காட்டுங்கப்பா" என்கிறேன்.