செயின் பிளாக் சர்டிபிகேட்டுக்கு ஆள் பிடிக்கும் முன்

எங்கள் பிரஸ் ஷாப்பில் டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) தூக்கும் செயின் பிளாக்குகளுக்கு (சங்கிலியை இழுத்து எடை தூக்கும் கருவி) 2024-ல் பாதுகாப்புச் சோதனை சர்டிபிகேட் வாங்கிய கதை இது. சோதனை செய்ய ஆள் அனுப்பிய கன்சல்டன்ட் மேல் உள்ள எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் (கட்டட உறுதிச் சான்று), கம்ப்ரஸர் டேங்க் (பிரஷர் வெசல், அதாவது அழுத்தக் கலன்) சோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அரசு அதிகாரி ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்து, செயின் பிளாக் அறிக்கையில் சோதனை செய்தவரின் கையெழுத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "இவருக்கு பிரஷர் வெசலுக்குத்தானே அங்கீகாரம் இருக்கு? இதுல எப்படி கையெழுத்துப் போட்டார்?"

அப்போது அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் பிரஷர் வெசலுக்கு 31-ஆம் பிரிவு. கிரேன், செயின், ரோப்புக்கு 29. சோதனை செய்பவருக்கு அங்கீகாரம் தந்ததும் பிரிவு வாரியாகத்தான். கன்சல்டன்ட் அனுப்பிய ஆளிடம் 31 மட்டுமே இருந்தது. ஃபீஸ் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து! கேட்டால், "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்கிறார்.

விளக்கக் கடிதத்தோடு அந்த அதிகாரியின் அலுவலகம் போனால் கிளார்க் கவரைத் தொடவே இல்லை. "ஆன்லைன்ல ஏத்துங்க." ஏற்றிவிட்டுப் போனால், "பிரின்ட் எங்கே?"

அடுத்து நாங்களே தேடிப் பிடித்தவர் சரியான ஆள். வந்ததும் கம்பி பிரஷ் கேட்டார். எவ்வளவு எடை தூக்கலாம் என்பதும் அடையாள எண்ணும் கருவியிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. நம் ஆட்கள் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெயின்ட் அடித்து எல்லாவற்றையும் மூடிவைத்திருந்தார்கள். சுரண்டச் சுரண்ட மஞ்சள், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் "1 டன்". ஷாப்பில் எல்லோரும் அதை "ரெண்டு டன் பிளாக்" என்றுதான் கூப்பிடுவார்கள்! சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கொக்கியில் லாட்ச் (பாரம் நழுவாமல் தடுக்கும் தாழ்) உடைந்திருந்த இன்னொன்றைச் சோதனைக்கு வந்தவர் சோதிக்கவே மறுத்துவிட்டார். சரிதான்.

ஆள் பிடிக்கும் முன் அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். பிரிவையும் காலாவதி தேதியையும் பாருங்கள். 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்ணோடு நிற்காமல், எந்தக் கருவிக்கு என்று கடிதத்தில் இருப்பதையும் படியுங்கள். லோடு டெஸ்டுக்கான (எடை தூக்கிப் பார்க்கும் சோதனை) எடையை முன்கூட்டியே தயார் செய்துவையுங்கள். ஸ்லிங்குகளும் (பாரத்தைக் கட்டித் தூக்கும் வார், கயிறு) இதில் சேர்த்திதான், மறந்துவிடாதீர்கள். பழைய சட்டத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சோதனை கட்டாயமாக இருந்தது; அடுத்த தேதியை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்வது நல்லது.

கன்சல்டன்ட் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொண்டேன்.