பத்து மணிக்கு எஞ்சின் நிற்கும்

கடந்த மார்ச் மாதம், மழையைக் கண்டு மூன்று வாரங்களுக்கு மேலாகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு, எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மின்சாரம் நின்றது. மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி ஆண்டுகள் பலவாகியும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிவரும் இந்த ஊரில் மின்தடை புதிதன்று. அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று வழக்கம்போல் காத்திருந்தோம். அது போகாமல் நிலையாக வந்தபோது விடியற்காலை மூன்று மணியாகிவிட்டது.

முதல் ஒரு மணி நேரத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அதன் பிறகுதான் வீடு தன் குணத்தைக் காட்டியது. எங்களுடையது முன்னாலும் பின்னாலும் மட்டும் சன்னல்கள் உள்ள வரிசை வீடு. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த செங்கற்சுவர், சூரியன் மறைந்து வெகுநேரம் ஆன பின்பும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். சன்னல்களுக்கு மேல் கட்டியவர்களே வைத்திருந்த காற்றுத் துளைகளை, ஏர்கோன் மாட்டிய ஆண்டில், குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று நானே பலகை அடித்து மூடியிருந்தேன். ஏர்கோன் ஓடும் வரை அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

எண்பது வயதைக் கடந்த அம்மா ஒரு பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டார். "அப்பல்லாம் பத்து மணிக்கு எஞ்சின் நிக்கும். நாம ஒம்பதரைக்கே பாயப் போட்டுடுவோம்," என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில்.

அவர் சொன்னது 1970களின் இறுதியில் நாங்கள் வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டைப் பற்றி. எங்களுக்கு மின்சாரம் என்பது தோட்டத்து எஞ்சின் கொட்டகையிலிருந்து மாலை ஆறரைக்கு வந்து, இரவு பத்துக்குப் போய்விடும் ஒரு பொருள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் எஞ்சின்காரர் விளக்குகளை ஒருமுறை மங்கவைத்து எச்சரிப்பார். அதற்குள் ரப்பர்ப் பால் மங்குகளையும் வாளியையும் எடுத்துவைத்து, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வேண்டியதைத் தயார் செய்துவிட வேண்டும். பலகைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்ததால், மின்விசிறி இல்லாமலே காற்று வந்து போகும். பக்கத்து வீட்டுச் சண்டையும் அதே வழியாகத்தான் வந்து போகும் என்பதால், அந்த லயத்துக்குத் திரும்பிப்போக எனக்கு எள்ளளவும் ஆசையில்லை. ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை அந்த வீடு எங்களைக் கைவிட்டதில்லை.

இருட்டு என்னை முதன்முதலில் அச்சுறுத்தியது தோட்டத்தில் அல்ல, கோலாலம்பூரில். 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில் நண்பர்களுடன் தங்கியிருந்தேன். மாலை 5.17க்குத் திரெங்கானுவில் உள்ள பாக்கா மின்நிலையத்துக்கு அருகே மின்பாதையில் ஏற்பட்ட கோளாறு, நிமிடக் கணக்கில் தீபகற்பம் முழுவதையும் வீழ்த்திவிட்டது. மின்கட்டமைப்பு ஒரே தாளத்தில், நொடிக்கு 50 சுற்று என்ற அலைவெண்ணில் ஓட வேண்டியது. பெரிய நிலையம் ஒன்று திடீரென விலகினால், மிச்சமுள்ளவை அந்தச் சுமையை இழுக்க முடியாமல் வேகம் தளர்கின்றன, அலைவெண் இறங்குகிறது, எந்திரங்கள் சேதமாகாமலிருக்கத் தம்மைத் தாமே துண்டித்துக்கொள்கின்றன. அதற்குள் போதுமான அளவு ஊர்களை இருட்டாக்கிச் சுமையைக் குறைக்க முடியாவிட்டால், எல்லாமே விழும்.

அன்று எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. மின்தூக்கி நின்றது, சிறிது நேரத்தில் குழாயும் நின்றது, ஏனெனில் மாடித் தொட்டிக்கு நீரேற்றுவதும் மின்சாரம்தான். கூர்முனை பொருத்தப்பட்டு அதிக நாளாகாத இரட்டைக் கோபுரம் தொலைவில் கருநிழலாக நிற்க, சாலை விளக்குகளற்ற சந்திப்புகளில் கார்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. நான் பன்னிரண்டு மாடிகள் இறங்கி, இரண்டு வாளி தண்ணீரோடு ஏறினேன். பாதி வழியில் ஒரு வாளியை ஒரு பாட்டிக்குக் கொடுத்துவிட்டதாக நண்பர்களிடம் சொன்னேன். உண்மையில் ஏழாவது மாடியில் கைதவறிக் கொட்டிவிட்டேன்.

வெப்பத்துக்கும் மின்தடைக்கும் உள்ள உறவு, நுகர்வு கூடுவதோடு முடிவதில்லை. மின்கம்பி சூடேறினால் நீண்டு தொய்யும். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹாயோவில் அப்படித் தொய்ந்த கம்பிகள் மரங்களில் உரசியதும், நியூயார்க் உட்பட அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் இருட்டில் விழுந்ததற்கு ஒரு காரணம்.

எங்கள் தாமானில் அன்றிரவு எனக்கிருந்த கவலை, அம்மாவின் இன்சுலின். தாதியாக வேலை செய்யும் எதிர்வீட்டு அக்கா, ஐஸ் பெட்டியைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும் என்றார். பிறகு வெந்நீர்ப் போத்தலில் (பிளாஸ்கில்) ஐஸ் கட்டிகளை இட்டு, மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸில் நேரே படாதபடி வைக்கச் சொன்னார். உறைந்துபோன இன்சுலின் பயன்படாதாம். பன்னிரண்டே முக்காலுக்கு அப்படியே செய்தோம்.

வாசலில் உட்கார்ந்திருந்தபோது, ஊருக்கு வெளியே செம்பனை ஆலை மட்டும் விளக்குகளோடு புகைந்துகொண்டிருந்தது. பிழிந்தெடுத்த பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து, அந்த நீராவியிலேயே தனக்கான மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆலைக்கு ஊரின் தடை ஒரு பொருட்டன்று. அதன் பழத்தை வெட்டிச் சுமக்கிறவர்களின் வீடுகள் இருட்டிலிருந்தன. அம்மா அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரைக்கு மின்சாரம் வந்தது. வரிசையிலிருந்த அத்தனை ஏர்கோனும் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்க, இரண்டே நிமிடத்தில் மறுபடியும் போனது. மூன்று மணிக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு ஐயா தெருவில் நின்று, யாரும் பத்து நிமிடத்துக்கு எதையும் போடக்கூடாதென்று மலாயிலும் தமிழிலும் கத்தினார். வியப்பாக, எல்லாரும் கேட்டார்கள். அம்மா மட்டும் உள்ளே வர மறுத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் காற்றுத் துளைகளின் பலகைகளைப் பிரிக்க ஏணி போட்டேன். ஆறில் இரண்டைத்தான் பிரிக்க முடிந்தது; அவற்றுக்குக் கொசுவலை அடித்து முடிப்பதற்குள் நண்பகலாகிவிட்டது.