ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள்: எம்.டி. கதிரியல் செய்முறைத் தேர்வும் ஒரு வெனோகிராமும்

சென்ற வாரம் முடிவு வந்தது, தேர்ச்சி பெற்றுவிட்டேன். இது எனக்கு இரண்டாவது முயற்சி. முதல் முறை நான்கு எழுத்துத் தாள்களையும் கடந்துவிட்டுச் செய்முறையில் வீழ்ந்தேன். வீழ்த்தியது நான் மாதக்கணக்கில் படித்த மூளை எம்.ஆர்.ஐ. அல்ல, ஒரே ஒரு மாலைப்பொழுதை மட்டும் ஒதுக்கிப் படித்த கால் வெனோகிராம்; அதாவது, எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் சிரைகளுக்குள் செலுத்தி எடுக்கும் படம்.

டாப்ளர் என்ற ஒலியலை ஸ்கேன் வந்த பிறகு வெனோகிராமை யார் கேட்கப்போகிறார்கள் என்று சீனியர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். நடைமுறையில் அவர்கள் சொன்னது சரிதான். ஆழ்சிரையில் இரத்தக்கட்டு இருக்குமோ என்ற ஐயத்துடன் வரும் நோயாளிக்கு முதலில் டாப்ளர் செய்து, சிரை அழுத்தத்திற்கு மடங்குகிறதா என்றுதான் பார்க்கிறோம். ஆனால் தேர்வாளர்களில் பலர் வெனோகிராம் பார்த்தே சிரைகளைக் கற்றவர்கள். அவர்களுடைய பழைய படங்கள் இன்னும் துறை அலமாரிகளில் இருக்கின்றன.

அன்று ஒளிப்பெட்டியில் இருந்தது பாதத்தில் கான்ட்ராஸ்ட் செலுத்தி மேல்நோக்கி எடுக்கும் ஏறுமுக வெனோகிராமின் தொடைப்பகுதிப் படம். வெண்மையாக நிரம்பியிருந்த பொதுத் தொடைச் சிரையில், உட்புற ஓரத்தை ஒட்டி நீளமான கருநிழல் ஒன்று தெரிந்தது. “புதிய இரத்தக்கட்டு” என்று மூச்சு விடாமல் சொல்லி, சிகிச்சை வரைக்கும் போய்விட்டேன். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னொரு படம் இருக்கான்னு கேட்டீங்களாம்மா?” என்றார். உறைக்குள்ளிருந்து அவர் எடுத்து மாட்டிய அடுத்த படத்தில் அந்த நிழல் இல்லை. கணுக்காலுக்கு மேல் டூர்னிக்கெட் என்ற இறுக்குப்பட்டையைக் கட்டியிருந்ததால் கான்ட்ராஸ்ட் ஆழ்சிரைகளுக்குள் மட்டும் சென்றிருந்தது; தோலுக்கடியில் ஓடும் பெரிய சாஃபினஸ் சிரையிலிருந்து கான்ட்ராஸ்ட் கலவாத இரத்தம் தொடைச் சிரைக்குள் வந்து விழும் இடத்தைத்தான் நான் இரத்தக்கட்டு என்று சொல்லியிருந்தேன். அதன் பிறகு மற்ற மேசைகளில் எனக்கு நா எழவில்லை.

ஆகவே நான் வற்புறுத்துவது இதைத்தான்: நிரம்பாத இடம் ஒன்றைக் கண்டால், அதே இடத்தில், அதே வடிவில், குறைந்தது இரண்டு படங்களிலாவது அது நிலையாகத் தெரிகிறதா என்று பார்க்காமல் வாய் திறக்காதீர்கள். இரண்டாம் முறை நான் உணவுக்குழாயைக் காட்டும் பேரியம் ஸ்வாலோவுக்குக்கூட அடுத்த படத்தைக் கேட்டேன்; சற்று மிகைதான், இருந்தாலும் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

வெனோகிராம் எடுக்கும் முறையை விவரிக்கச் சொன்னால், ஒவ்வொரு படிக்கும் காரணத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். வரலாற்றுக்கு ஒரு வரி போதும்: 1923இல் பெர்பெரிச்சும் ஹிர்ஷும் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடைச் செலுத்தி உயிருள்ள மனிதரின் இரத்தக்குழாய்களைப் படம் எடுத்தனர், 1938இல் டோஸ் சாண்டோஸ் கால் சிரைகளின் நேரடிப் படமெடுப்பை விவரித்தார், இன்றைய முறைக்கு அடிப்படை 1972இல் ராபினோவும் பாலினும் எழுதியது.

- மேசையை 40 முதல் 60 டிகிரி வரை தலைப்பக்கம் உயர்த்த வேண்டும். கான்ட்ராஸ்ட் இரத்தத்தைவிடக் கனமானது என்பதால் அது கீழிருந்து மேலாகச் சீராக நிரம்பும்.
- உடல் எடை மறுகாலில் நிற்க வேண்டும். அதற்காகவே அந்தப் பாதத்தின் கீழ் கட்டை வைக்கிறோம். படம் எடுக்கும் காலில் கெண்டைத்தசை இறுகினால் சிரைகள் பிழியப்பட்டு வெறுமையாகிவிடும்.
- புறங்காலின் சிரையில் 21 கேஜ் பட்டர்ஃப்ளை ஊசி. முதலில் சலைன் செலுத்திப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் வெளியே கசிந்தால் புறங்காலின் தோல் அழுகக்கூடும்.
- அயனியற்ற, குறைந்த ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள் செறிவு) கொண்ட கான்ட்ராஸ்ட், 50 முதல் 100 மி.லி. வரை. பழைய மருந்துகள் சிரை அழற்சியையும் புதிய இரத்தக்கட்டையும் தாமே உண்டாக்கியதால்தான் இந்த மாற்றம் வந்தது.
- முடிவில் சலைனால் கழுவிவிட்டுக் காலை உயர்த்த வேண்டும். நான் முதல் முறை விட்டுவிட்ட படி இது.

நிரம்பவில்லை என்றாலே அடைப்பு என்று பொருளாகாது. கெண்டைக்காலின் முன் டிபியல் சிரைகளும் ஆழ்தொடைச் சிரையும் இடுப்புக்குள் இருக்கும் உள் இலியாக் சிரையும் நலமான காலிலேயே பல நேரம் நிரம்புவதில்லை; டூர்னிக்கெட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் கெண்டைக்காலின் ஆழ்சிரைகளும் காணாமற்போகும். புதிய இரத்தக்கட்டு உருண்டையான முனையோடு, இருபுறமும் மெல்லிய வெண்கோடுகள் ஓட, தண்டவாளம்போல் தெரியும். பழைய இரத்தக்கட்டு சிரையின் சுவரைக் கரடுமுரடாக்கி, வால்வுகளை அழித்து, உள்ளே வலைபோன்ற இழைகளையும் பக்கத்தில் கிளைவழிகளையும் விட்டுச்செல்லும்.

பெயரிலேயே ஒரு பொறி உண்டு. பழைய அறிக்கைகளில் ‘மேலோட்டத் தொடைச் சிரை’ என்று பொருள்படும் ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயின்’ என்ற பெயரைக் காண்பீர்கள். அது உண்மையில் ஆழ்சிரை. அதிலுள்ள இரத்தக்கட்டுக்கு இரத்தம் உறையாமைக்கான மருந்து தேவையா என்று கேட்பார்கள்; தேவை. இப்போது ‘தொடைச் சிரை’ என்று மட்டும் எழுதுவதற்கு இந்தக் குழப்பமே காரணம்.

இறங்குமுக வெனோகிராம் இரத்தக்கட்டைத் தேடுவதற்கு அல்ல, வால்வுகளைச் சோதிப்பதற்கு. பொதுத் தொடைச் சிரையில் கான்ட்ராஸ்ட் செலுத்தி, நோயாளியை முக்கச் சொல்லி, அது எவ்வளவு தூரம் கீழே வழிகிறது என்று பார்க்கிறோம். கிஸ்ட்னரின் தரவரிசை 0 முதல் 4 வரை: முழங்காலுக்கு மேலேயே நின்றால் 2, முழங்காலைச் சற்றுக் கடந்தால் 3, கணுக்கால்வரை இறங்கினால் 4. இடது இலியாக் சிரையை வலது இலியாக் தமனி முதுகெலும்போடு வைத்து அழுத்தும் நிலையை 1957இல் மே, தர்னர் இருவரும் விவரித்தனர். காலிலிருந்து செலுத்தும் கான்ட்ராஸ்ட் அங்கே போய்ச் சேரும்போது நீர்த்துவிடுவதால், தொடையில் ஊசி போட்டுத்தான் அதைத் தெளிவாகப் பார்க்க முடியும்.

நான் மெதுவாகப் பேசுபவள், பதற்றத்தில் சொற்களை இழப்பவள். அதனால் தினமும் இரவில் கால் சிரைகளை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்தேன். கெண்டைக்காலின் மூன்று ஆழ்சிரைகளும் இரட்டை இரட்டையாக வரும் என்பது அப்படித்தான் மனத்தில் நின்றது. சரளமாகப் பேசுபவர்களுக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் கான்ட்ராஸ்ட் ஒவ்வாமைக்கான அட்ரினலின் அளவை எல்லோரும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்: பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில்.

இரண்டாம் முறை ஒளிப்பெட்டியில் இருந்தது கை வெனோகிராம். கான்ட்ராஸ்ட் கையின் உட்புறத்தில் ஓடும் பேசிலிக் சிரையின் பக்கமாகச் செலுத்தப்பட்டிருந்தது. வெளிப்புறத்தில் ஓடும் செஃபாலிக் சிரை வழியாகச் சென்றிருந்தால் அக்குள் சிரையின் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். படத்தில் சிரை முழுவதும் இயல்பாக நிரம்பியிருந்தது. இரத்தக்கட்டு இல்லை, கிளைவழி இல்லை. இளைஞர், பளு தூக்குபவர், கை அவ்வப்போது வீங்குகிறது என்று குறிப்பு இருந்தது. கையை உயர்த்தி எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன். தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் உறையிலிருந்து அதை எடுத்து மாட்டினார். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் சிரை நசுங்கி நின்ற இடத்தை நான் விரலால் காட்டியதும், அடுத்த மாணவரை வரச் சொன்னார்.